சக்லாராவுக்குப் போட்ட வேஷம்

எங்கள் ஊரில் சக்லாரா பெயரைச் சொன்னால் போதும், எல்லார் முகத்திலும் சிரிப்பு வந்துவிடும். "ஓ, நம்ம குரங்குக்குட்டியா!" என்பார்கள். பாசமாகத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாசத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் நான். ஒரே கம்பியைப் பிடித்துப் பாலே நடனத்துக்குக் கால் தூக்கப் பழகியவள். அவள் யார், அவளை என்ன செய்தார்கள் என்பதை நான் சொல்லாவிட்டால் இந்த ஊர் சிரித்துக்கொண்டே மறந்துவிடும்.

சக்லாரா கல்மிக் இனத்துப் பெண்; மங்கோலிய முகச்சாயல் கொண்ட மக்கள் அவர்கள். அவளுடைய அம்மா புல்குன், எங்கள் ஊரில் வோல்கா கரையில் இருந்த மீன் தொழிற்சாலையில் டப்பா அடைக்கும் வேலை பார்த்தாள். போர்க்காலத்தில், துரோகிகள் என்று பழி சுமத்தி, அவர்கள் இனத்தையே மொத்தமாக ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். சக்லாரா பிறந்தது அங்கேதான். திரும்பி வர அனுமதி கிடைத்ததும் புல்குன் அத்தை தன் மகளோடு எங்கள் ஊரில் வந்து இறங்கினாள். அதைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசாத காலம் அது. தெரிந்தவர்களும் தெரியாதது போலவே இருந்தார்கள்.

நாடகசாலையோடு சேர்ந்த பாலே பள்ளிக்கு எங்களை எடுத்தபோது எங்களுக்கு எட்டு வயது. சக்லாரா சின்ன உருவம். ஆனால் குதித்தால் இறங்குவதற்கு மறந்துபோனவள் மாதிரி மேலேயே நிற்பாள். எங்கள் ஆசிரியை இராயிதா பாவ்லொவ்னா லேசில் யாரையும் புகழாதவர். சக்லாரா குதிக்கும்போது மட்டும் பியானோக்காரியிடம் திரும்பி, "இன்னொரு தடவை வாசிங்க" என்பார். அதுதான் அவருடைய உச்சபட்சப் பாராட்டு.

அடுத்த வருஷம் புத்தாண்டுக்காக எங்கள் நாடகசாலை ஒரு புது பாலே தயாரித்தது. பெயர் 'உறைந்த மணி'. அதில் ஒரு கிழக்கத்திய வணிகர் ஒட்டகங்களோடும் அடிமைப் பெண்களோடும் வருவார். அவரிடம் ஒரு கூண்டு. கூண்டில் ஒரு குரங்கு. அந்தக் குரங்குக்குப் பிள்ளை தேடித் தலைமை நடன இயக்குநர் வெனியமின் லூக்கிச் எங்கள் வகுப்புக்கு வந்தார். மனிதர் வாட்டசாட்டமாக, வாசனைத் தைலம் மணக்க, கட்டைவிரலை இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு நடப்பார். எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருத்தி மோவாயையும் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவர், சக்லாராவிடம் நின்றார்.

"இது யாரு?"

"சக்லாரா. நல்லாக் குதிப்பா, வெனியமின் லூக்கிச்" என்றார் இராயிதா பாவ்லொவ்னா.

"குதிக்கட்டும், குதிக்கட்டும். அடடா, இந்த மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க! கண்ணப் பாருங்க, கன்னத்தப் பாருங்க. இவளுக்கு முகமூடியே தேவையில்லையே!"

கூட வந்த தையல்காரம்மா சிரித்தாள். பியானோக்காரி சிரித்தாள். உதவி இயக்குநர் சிரித்தார். ஒன்பது வயதுக் குழந்தையை நடுவில் நிறுத்திவைத்து, பெரியவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். இராயிதா பாவ்லொவ்னா மட்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு சக்லாரா கேட்டாள். "எனக்கு எதுக்கு முகமூடி வேணாமாம்?"

எங்கள் வரிசையில் நின்ற தோன்யா விளக்கினாள். "நீயே குரங்கு மாதிரிதான் இருக்கியாம். அதான்."

நான் தோன்யாவின் பின்னலைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினேன். தண்டனை எனக்குத்தான் கிடைத்தது. சாப்பாட்டு வேளை முடியும்வரை மூலையில் நின்றேன். முகமூடி தேவையில்லை என்று சொன்னவரை யாரும் எந்த மூலையிலும் நிறுத்தவில்லை.

சக்லாராவுக்குப் பழுப்பு ரோமத்தில் ஒரு உடுப்பு, தலையில் மாட்டும் இரண்டு காது, கம்பி வைத்த வால். முகம் அப்படியே திறந்து இருந்தது. கன்னத்தில் மட்டும் கொஞ்சம் மை.

அவள் ஆடியது அற்புதமாக இருந்தது என்பதுதான் கொடுமை. அரைகுறையாக ஆடியிருந்தால் அந்த ஒரு வருஷத்தோடு போயிருக்கும். வணிகர் கூண்டைத் திறந்ததும் அவள் மெல்ல வெளியே வருவாள். ஆப்பிளை நீட்டினால் உடனே பறிக்கமாட்டாள். அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்து, யாருக்காவது வேண்டுமா என்று கேட்கிற மாதிரி நின்று, அப்புறம்தான் கடிப்பாள். வணிகரின் தலைப்பாகையைத் திருடித் தன் தலையில் வைத்துக்கொண்டு, மேடை நடுவில் சம்மணமிட்டு ஒரு ராஜா மாதிரி உட்காருவாள். இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. அவளாகவே செய்தது. அவள் அந்தக் குரங்குக்கு ஒரு மரியாதை கொடுத்து ஆடினாள். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

முதல் காட்சிக்குப் புல்குன் அத்தை தன்னிடம் இருந்த ஒரே நல்ல உடையான நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள். இடைவேளைக்குப் பிறகு அவள் இருக்கை காலியாக இருந்தது. சக்லாராவும் நானும் என் அம்மாவும் புத்தாண்டு மிட்டாய்ப் பையோடு வெளியே வந்தபோது, அத்தை நாடகசாலை வேலியோரம் பனியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, பார்த்தியா? எல்லாரும் எப்படிக் கை தட்டுனாங்க!"

"பார்த்தேன்."

"உனக்குப் பிடிக்கலையா?"

அத்தை குனிந்து கையுறையால் மகளின் கன்னத்து மையைத் துடைத்தாள். "நீ நல்லாத்தான் ஆடினே. உம்மேல ஒரு குத்தமும் இல்ல." பிறகு என் அம்மாவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எங்கள ரயில் பெட்டியில அடைச்சுக் கொண்டுபோனப்போ, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் வந்து கதவிடுக்கு வழியா எட்டிப் பார்ப்பாங்க. இவங்களுக்குக் கொம்பு இருக்கா, இவங்க மனுசங்கதானான்னு பார்க்க. அதே கண்ணுங்க. இன்னிக்கும் உள்ள அதே கண்ணுங்கதான்."

என் அம்மா பயந்து சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அப்போ நான் பள்ளிக்கூடம் போகவேணாமா?" என்றாள் சக்லாரா.

"போ. அவங்க சிரிக்கிறாங்கன்னு நீ கத்துக்கிறத விட்டுறாதே. கால நல்லாத் தூக்கக் கத்துக்கோ."

அந்தப் புத்தாண்டில் ஊர்ச் செய்தித்தாளில் அவள் படம் வந்தது. தலைப்பாகை வைத்த குரங்கு. அதற்குப் பிறகு அவளுக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. ரொட்டிக் கடைக்காரி, "வாடி என் குரங்குக்குட்டி! உனக்குன்னு மொறுமொறுன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்பாள். டிராம் நடத்துனர் டிக்கெட் கேட்காமல் விடுவார். கொஞ்சாத ஆளில்லை.

"யாராவது திட்டினா திருப்பித் திட்டலாம் லேரா" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். "கொஞ்சினா என்னடி பண்றது?"

குழந்தை வேஷம் என்றால் குழந்தை வளர்ந்ததும் அடுத்த குழந்தைக்குப் போகவேண்டும். அதே பாலேயில் பனிச்செதில்களாக ஆடிய நாங்கள் அத்தனை பேரும் இரண்டு வருஷத்தில் அந்த உடுப்பைக் கழற்றிச் சின்னவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். சக்லாரா அதிகம் வளரவில்லை. வளர்ந்த அளவுக்கு அவளுடைய உடுப்பைப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்தார்கள். அவ்வளவுதான்.

பள்ளியின் கடைசி வருஷத்தில் தேர்வுக்காக இராயிதா பாவ்லொவ்னா அவளுக்கு 'ஆற்று மணமகள்' என்ற பாலேயின் தனி நடனத்தைப் பழக்கினார். எங்கள் நாடகசாலையின் பெருமையே அந்த பாலேதான். கல்யாணத்தன்று கைவிடப்பட்ட பெண் ஆற்றில் இறங்கும் காட்சி. அதை ஆடுகிறவள்தான் அங்கே முதல் நடனக்காரி. வருஷம் முழுக்கச் சக்லாரா அதையே ஆடினாள். காலணிக்குள் கால்விரல் நகம் பெயர்ந்து ரத்தம் கட்டியது. பஞ்சைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஆடினாள்.

தேர்வன்று அவள் கைகளை நீட்டி ஆற்றை நோக்கி முதல் அடி வைத்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்த வெனியமின் லூக்கிச் களுக்கென்று சிரித்தார்.

இராயிதா பாவ்லொவ்னா எழுந்துவிட்டார். "இது தேர்வு, வெனியமின் லூக்கிச்."

"மன்னிக்கணும், மன்னிக்கணும். என்ன பண்றது சொல்லுங்க? அவ கைய நீட்டினா ஆப்பிள் கேக்கிறாளோன்னு தோணுது."

குழுவில் இருந்த மற்றவர்களும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சக்லாரா நிறுத்தவில்லை. கடைசி அசைவுவரை ஆடி, குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். முழு மதிப்பெண் கொடுத்தார்கள். நாடகசாலையில் வேலையும் கொடுத்தார்கள், வேடிக்கைப் பாத்திரங்களுக்கு என்று குறிப்பிட்டு. எனக்குக் கூட்டத்தோடு ஒருத்தியாக ஆடும் வேலை கிடைத்தது. என் தகுதிக்கு அது சரி. அவள் விஷயத்தில் நடந்தது வேறு. அவளுடைய தகுதியை நேரில் பார்த்துவிட்டு, அதைப் பார்த்தே சிரித்தார்கள்.

அப்புறம் வந்த வருஷங்களில் அவள் என்னவெல்லாம் ஆடினாள்! குட்டிப் பிசாசு, அரசவைக் குள்ளன், பூனை, சூனியக்காரியின் வேலைக்காரி. கிழக்கத்திய என்று எது வந்தாலும் அவள். சீனப் பொம்மை அவள், அரபு அடிமை அவள், பெயரில்லாத நாட்டுக் கோமாளி அவள். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதிவரை பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று கூண்டில் உட்கார்ந்தாள். நாடகசாலை முகப்பில் எல்லா நடனக்காரிகளின் படமும் வெள்ளை உடையில் தொங்கும். அவள் படம் மட்டும் காது வைத்துத் தொங்கியது. 'உறைந்த மணி'க்காக வெனியமின் லூக்கிச்சுக்கு அரசாங்கப் பட்டம் கிடைத்தது. அந்த பாலேயில் ஜனங்கள் பார்க்க வந்தது யாரை என்று பட்டம் கொடுத்தவர்கள் கேட்கவில்லை.

ஒவ்வொரு நாடகப் பருவத் தொடக்கத்திலும் அவள் அவர் அறைக்குப் போவாள். ஒருமுறை நானும் கூடப் போனேன்.

"ஆற்று மணமகள் கேக்க வந்திருக்கேன், வெனியமின் லூக்கிச்."

"சக்லாரோச்கா, என் கண்ணு! மணமகளுங்க தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பாங்க. உன்ன மாதிரிக் குரங்கு இந்த நாட்டுலயே கிடைக்குமா?"

"அப்போ அந்தப் பத்துல ஒருத்தியக் குரங்காக்கிக்கோங்க."

அவர் மேசையில் அடித்துச் சிரித்தார். "பாத்தியா, பாத்தியா! இதான் உன் வரம். பொறவியிலேயே நகைச்சுவை!"

அவள் என்ன சொன்னாலும் அது நகைச்சுவையாகிவிடும். கோபப்பட்டால் இன்னும் சிரிப்பார்கள். ஒருமுறை கோபத்தில் அவள் கதவை அறைந்து சாத்தியதை, அப்படியே பூனை வேஷத்தில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஆனாலும் அவள் மணமகளை விடவில்லை. எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தில் ஒத்திகை அறையில் ஆடுவாள். ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. நாடகசாலையில் எல்லாருக்கும் தெரியும். முதல் நடனக்காரனாக இருந்த ரோதியோன், தனக்குப் பொழுது கிடைக்கும்போதெல்லாம் வந்து அவளோடு ஜோடி சேர்ந்து ஆடுவான். "எலினோராவத் தூக்கினா சாக்கு மூட்டை. உன்னத் தூக்கினா நீயே போற" என்பான். எலினோரா என்பவள்தான் அப்போது எங்கள் மணமகள். நல்ல பெண்தான். அவளைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஒரு மார்ச் மாதம், 'ஆற்று மணமகள்' ஆடவேண்டிய நாளில், எலினோரா நாடகசாலைப் படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். மாற்று நடனக்காரி பிரசவ விடுப்பில் இருந்தாள். திரை தூக்க இரண்டு மணி நேரம் இருந்தது. தொலைவில் இருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து பேருந்துகளில் ஆட்கள் ஏற்கெனவே கிளம்பியிருந்தார்கள்.

சக்லாரா மேடைக்குப் பின்னால் நின்ற வெனியமின் லூக்கிச்சிடம் நேராகப் போனாள். "எனக்குத் தெரியும். நான் ஆடறேன்."

"ஆமா, தெரியும்" என்றான் ரோதியோன். "மூணு அங்கமும் தெரியும். நான் அவகூட ஆடத் தயார்."

கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் இருந்த எலினோராவே சொன்னாள். "என் உடுப்ப அவளுக்குப் பிடிச்சுத் தைச்சிடலாம். ஊசி கொண்டாங்க."

வெனியமின் லூக்கிச் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "திரை தூக்கினதும் பால்கனியிலேருந்து ஒரு குழந்த 'அம்மா, குரங்கு!'ன்னு கத்தும். அதோட என் பாலே செத்துச்சு."

"கத்தட்டும். ரெண்டாவது நிமிஷம் நிறுத்திடும்" என்றாள் சக்லாரா.

"அந்த முதல் நிமிஷத்துக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது."

"ஒரு நிமிஷம், வெனியமின் லூக்கிச். நான் கேக்கிறது ஒரே ஒரு நிமிஷம்."

"போய்ப் பகல் காட்சி மையத் துடை. உனக்கு நாளைக்கிப் பூனை இருக்கு."

காட்சியை ரத்து செய்தார்கள். அவளை ஆடவிடுவதைவிட, நிரம்பிய அரங்கத்தைத் திருப்பி அனுப்புவது மேல் என்று முடிவெடுத்தார்கள்! தூரத்திலிருந்து வந்தவர்கள் கழற்றிக் கொடுத்த கம்பளிக் கோட்டுகளை மறுபடி வாங்கி மாட்டிக்கொண்டு, முணுமுணுத்தபடி பேருந்தில் ஏறினார்கள். வாசலில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று அட்டை தொங்கியது. சக்லாரா அதன் முன்னால் நின்று படித்தாள்.

"லேரா, அந்தத் தொழில்நுட்பக் காரணம் நாந்தானா?"

நான் அட்டையைப் பிய்த்துக் கிழித்தேன். காவலாளி வந்து கத்தினான்.

கோடை போனது, இலையுதிர் காலம் போனது, மறுபடி மண்டபத்தில் பெரிய புத்தாண்டுத் தேவதாரு மரத்தை நட்டு விளக்கு மாட்டினார்கள். பண்டிகையின் முதல் பகல் காட்சிக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது சக்லாரா சொன்னாள்.

"இன்னிக்கு நான் வெளிய வரமாட்டேன்."

"எங்கேருந்து?"

"கூண்டுலேருந்து."

நான் அடிமைப் பெண் உடையில் கூண்டுக்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டியவள். எனவே அருகிலிருந்து பார்த்தேன். வணிகர் வேஷக்காரர் வழக்கம்போல் கதவைத் திறந்து, ஆப்பிளை நீட்டினார். சக்லாரா உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் இருந்த காதுகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டாள். அரங்கத்தைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு? கதவு மாட்டிக்கிச்சா?" என்று வணிகர் உதடு அசையாமல் கேட்டார்.

"இல்ல. திறந்துதான் இருக்கு."

இசைக்குழுத் தலைவர் அந்தப் பகுதியை மறுபடி வாசிக்கவைத்தார். பிறகு இன்னொரு தடவை. குழந்தைகள் முதலில் சிரித்தார்கள், புது வேடிக்கை என்று நினைத்து. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்புறம் நின்றே போனது. முன்வரிசையில் ஒரு குழந்தை உரக்கக் கேட்டது. "அது ஏன் வரமாட்டேங்குது?" இன்னொரு குழந்தை பதில் சொன்னது. "அதுக்கு வர இஷ்டமில்ல."

கடைசியில் கூண்டோடு தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். வெனியமின் லூக்கிச் முகம் பீட்ரூட் மாதிரிச் சிவந்திருந்தது.

"நாசமாப் போறவளே! குழந்தைங்க பண்டிகைய இப்படிக் கெடுத்திட்டியே!"

"குழந்தைங்களுக்குப் புரிஞ்சிடுச்சு" என்றாள் சக்லாரா. "நீங்கதான் கத்துறீங்க."

விசாரணைக் கூட்டம் ஒத்திகை அறையில் நடந்தது. தொழிற்சங்கத் தலைவி ஒரு மேசை போட்டுத் தண்ணீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்தாள். ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து பேசினார்கள். எல்லாருடைய பேச்சும் ஒன்றுதான். நன்றி இல்லை. ஊரே தூக்கி வளர்த்ததே, நன்றி வேண்டாமா? வெனியமின் லூக்கிச் அழுதார். கைக்குட்டையை நனைக்கிற நிஜமான கண்ணீர்.

"மீன் டப்பா அடைக்கிறவ பொண்ணு! நான் கையப் பிடிச்சு மேடையில ஏத்தினேன். இந்தப் பொண்ணுக்கு ஒரு பேர் இருக்குன்னா அது நான் போட்ட பிச்சை."

சக்லாரா எழுந்தாள். குரல் உயரவே இல்லை.

"நீங்க என்ன மேடையில ஏத்தல. கூண்டுல ஏத்தினீங்க. எனக்கு அப்போ ஒம்பது வயசு. 'முகமூடி தேவையில்ல'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இத்தன வருஷமா எனக்கு இல்லாமப் போனது அந்த முகமூடிதான். அதக் குடுத்திருந்தா நான் கழட்டி வெச்சிட்டு வேற ஆளா வந்திருப்பேன். நீங்க என் மூஞ்சியவே வேஷமாக்கிட்டீங்க. மூஞ்சிய எங்க கழட்டி வைக்கிறது?"

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தலைவி பென்சிலால் குவளையைத் தட்டினாள்.

"இங்க யாரும் உங்க இனத்தப் பத்திப் பேசல, சக்லாரா ஓச்சிரொவ்னா. நீங்கதான் பேசுறீங்க. நம்ம நாட்டுல எல்லா இனமும் சகோதரங்க. அதுக்கு விரோதமா இங்க பேச்சு வேணாம்."

இதைக் கேட்டு எனக்குத் தலை கொதித்தது. எழுந்தேன். "பேசினாரு. நான் அங்க நின்னேன். என் ரெண்டு காதாலயும் கேட்டேன். தையல்காரம்மா இதோ உக்காந்திருக்காங்க, அவங்களும் கேட்டாங்க, சிரிச்சாங்க. கேளுங்க அவங்கள!"

தையல்காரம்மா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க, கலேரியா இவானொவ்னா" என்று தலைவி என் முழுப்பெயரைச் சொல்லி அதட்டினாள்.

"உக்காரமாட்டேன்."

ரோதியோனும் எழுந்து நின்றான். எலினோராவும் நின்றாள். நாங்கள் மூவர். மற்றவர்கள் கை தூக்கிக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அடுத்த காட்சியில் கூண்டைவிட்டு வெளியே வரவேண்டும் என்பது நிபந்தனை. சக்லாரா அன்று மாலையே வேலையை விட்டாள். என் பெயர் அந்த வருஷ வெளியூர்ப் பயணப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. பாலே பள்ளிக்கு ஆளனுப்பி, கீழ் வகுப்புகளில் அதே முகச்சாயலில் புர்யாத் பிள்ளை இருக்கிறதா, கசாக் பிள்ளை இருக்கிறதா என்று தேடினார்கள். ஒரு புர்யாத் சிறுமி கிடைத்தாள். அவளுடைய அப்பா வந்து நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கேயே மகளுக்குக் கோட்டு மாட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். அந்த மனிதரைக் கைகூப்பிக் கும்பிடவேண்டும். அப்புறம்தான் குரங்கை எடுத்துவிட்டு ஒரு கரடியைச் சேர்த்தார்கள். கரடிக்குத் தலை முழுக்க முகமூடி!

சக்லாரா அம்மாவை அழைத்துக்கொண்டு கிர்கிஸ் குடியரசுப் பக்கம், மலையடிவாரத்து நகரம் ஒன்றுக்குப் போனாள். அங்கே நாடகசாலையின் பாலே பிரிவுக்குத் தலைவியாக இருந்தவர் ஐனகுல் என்ற அம்மாள். சக்லாராவை ஆடவிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாராம். "இதுவரைக்கும் என்னென்ன முக்கிய வேஷம் ஆடியிருக்கீங்க?"

"குரங்கு."

"வேற?"

"பூனை. குட்டிப் பிசாசு."

ஐனகுல் முதலில் கிண்டல் என்று நினைத்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "அந்த ஊர்க்காரங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். மறு வாரமே 'மூழ்கிய நகரம்' பாலேயின் ராணி வேஷத்துக்கு ஒத்திகை தொடங்கிவிட்டார்.

என் விடுமுறையில் நான் போய்ப் பார்த்தேன். ஏரி மெல்ல உயர்ந்து நகரத்தை விழுங்கும்போது ராணி ஓடமாட்டாள். கடைசி ஆள் வெளியேறும்வரை வாசலில் நின்று, பிறகு தண்ணீருக்குள் நடப்பாள். அரங்கத்தில் சந்தைக்காரர்கள், சிப்பாய்கள், கல்லூரிப் பிள்ளைகள், கம்பளித் தொப்பி போட்ட கிழவர்கள். ஒருவர் சிரிக்கவில்லை. ஒருவர் இருமக்கூட இல்லை. திரை விழுந்ததும் அரங்கமே எழுந்து நின்றது.

நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொல்லமாட்டேன். ஆத்திரத்தில் அழுதேன். அவளுக்கு அப்போது முப்பத்திமூன்று வயது. குதித்தால் மேலேயே நிற்கும் அந்தக் கால் இப்போது இல்லை. அழகாகக் குதித்தாள், எல்லாரையும்போல் இறங்கினாள். இருபது வயதில் இவள் இந்த வேஷத்தை ஆடியிருந்தால்! அந்த வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது? புல்குன் அத்தையும் அதைப் பார்க்கவில்லை. முந்தின இலையுதிர் காலத்தில், அரங்கேற்றத்துக்கு முன்பே நுரையீரல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். மகளை மனுஷியாக ஒரு தடவை மேடையில் பார்க்காமலே போனாள்.

மூன்றே பருவம். அதற்குள் முழங்கால் விட்டுப்போனது. அறுவை சிகிச்சை செய்தும் சரியாகவில்லை. சக்லாரா அங்கேயே மேடை மேலாளராக இருந்துவிட்டாள். மேடையோரப் பக்கத்தட்டியின் பின்னால் உயர நாற்காலியில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் எல்லாரையும் மேடைக்கு அழைப்பது, விளக்குக்கும் திரைக்கும் சொல்வது அவள் வேலை. அவள் வாய் திறந்தால் பெரிய நடிகர்களும் ஓடி வருவார்கள். ஒரு கொம்பு வாத்தியக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். கல்மிக் வழக்கப்படி உப்புப் போட்ட பால் தேநீரை அவருக்கும் பழக்கிவிட்டாள். சோவியத் நாடு உடைந்து, எல்லை வந்து, நான் அவளைப் பார்க்கப் போவது குறைந்துவிட்டது. தொலைபேசியில் பேசுகிறோம்.

வெனியமின் லூக்கிச்சுக்கு எண்பது வயது முடிந்தபோது எங்கள் ஊர்த் தொலைக்காட்சி ஒரு நிகழ்ச்சி எடுத்தது. அதில் அவர் சொன்னார். "சக்லாராவக் கண்டுபிடிச்சது நான். இன்னிக்கு அவ எங்க இருந்தாலும் நான் உருவாக்கின பொண்ணு." நிகழ்ச்சிக்காரப் பெண் சக்லாராவையும் தொலைபேசியில் பிடித்து, வாழ்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறாள். அதற்குச் சக்லாரா சொன்னாளாம். "எம்பது வயசா? நல்லா இருக்கட்டும். கண்டுபிடிச்சேன்னு சொல்றாரா? நான் எங்கயும் தொலைஞ்சு போகலியே. அவருதான் என்ன மறைச்சு வெச்சிருந்தாரு." அது ஒளிபரப்பாகவில்லை.

"வயசான மனுஷன், மன்னிச்சு விட்டுடலாமே" என்று என்னிடமே சொல்கிறார்கள். அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கவேண்டிய ஒன்று நடந்திருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. கேட்காதவருக்கு எதைக் கொடுப்பது?

விழாவுக்குப் பழைய நடனக்காரிகள் முன்வரிசையில் உட்கார்ந்து அவருக்குப் பூங்கொத்துக் கொடுக்கவேண்டும் என்று நாடகசாலையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்றேன்.

"ஐயோ, உடம்பு சரியில்லையா கலேரியா இவானொவ்னா?" என்று தொலைபேசியில் கூப்பிட்ட சின்னப் பெண் அக்கறையாகக் கேட்டாள்.

"உடம்பு நல்லாத்தான்மா இருக்கு" என்றேன்.